அத்திவாரமும் ஃபோலிக் அமிலமும் ஒரே மாதத்தில்

"ஏதும் விசேசமா?" என்று கேட்பவர்களுக்கு மட்டக்களப்பில் பலரும் கைவசம் வைத்திருக்கும் பதில், "வீட்டு வேலை முடியட்டும் எண்டு இருக்கிறம்." கேட்பவர் வாயை அடைக்க அது போதும். சொல்பவர்களே அதை நம்பத் தொடங்கும்போதுதான் சிக்கல். எங்கட பக்கத்தில் வீடு ஒரே மூச்சில் எழும்புவதில்லை. மகளுக்குச் சீதனமாக எழுதிய வளவில் இந்த வருடம் அத்திவாரம், அடுத்த வருடம் சுவர், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் காசு அனுப்பும்போது கூரை. பூச்சும் ரைல்ஸும் எப்போது என்று மேசனுக்கும் தெரியாது. சினைமுட்டைக்கு அந்தப் பொறுமை இல்லை. முப்பத்தைந்துக்குப் பிறகு அதன் எண்ணிக்கையும் தரமும் வேகமாக இறங்கும்.

இன்னொரு பக்கம், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வீட்டு வேலை தொடங்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சீமெந்துத் தூசி, தின்னர், கறையான் மருந்து, பழைய பெயின்ற் சுரண்டல் எதுவும் கர்ப்பிணிக்கு ஆகாது. ஆனால் அந்த நியாயம் சில வேலைகளுக்கு மட்டுமே பொருந்தும். முழு வீட்டுக்கும் நீட்டினால் ஐந்து வருடம் போய்விடும். எந்த வேலையைப் பிள்ளைக்கு முயற்சிக்கும் முன் முடிப்பது, எதை இடையில் செய்வது, எதைப் பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு வைத்துக்கொள்வது என்று பிரிப்பதில்தான் விசயம் இருக்கிறது.

பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது என்றால், பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். அந்த நேரத்தில் பல பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப் போனதே இப்போதுதான் தெரிய வந்திருக்கும். சோதனைக் குச்சியில் இரண்டு கோடு பார்த்த பிறகு பெயின்ற் வேலையை நிறுத்துவதும், ஃபோலிக் அமிலக் குளிசையைத் தொடங்குவதும் பாதி பிந்திய காரியம். குளிசையை முயற்சி தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் தேவை. கிளினிக்கில் தரும் குளிசையின் அளவு அதைவிடக் கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், முன்பு நரம்புக்குழாய்க் குறையுள்ள பிள்ளை பெற்றவர்கள் ஆகியோருக்கு 5 மில்லிகிராம் வரை தேவைப்படலாம். அதை வைத்தியர்தான் எழுத வேண்டும்.

இதற்கு முதலில் போய்ப் பார்க்க வேண்டியவர் ஊர் மிட்வைஃப். கலியாணம் முடித்தவுடன் அவரிடம் பதிந்துகொண்டால் எடை, இரத்த அழுத்தம், சீனி, இரத்தசோகை எல்லாம் பார்க்க வழி பிறக்கும். ருபெல்லா ஊசி போட்டதற்கான அட்டை கிடைக்காவிட்டால் ஊசியைப் போட்டுக்கொண்டு ஒரு மாதமாவது கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். மச்சான் மச்சாள் முறையில் கலியாணம் செய்தவர்கள் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவிகளா, அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்களா, என்று இருவரும் பார்த்துக்கொள்வது நல்லது. காவியாக இருப்பது நோய் இல்லை. இருவரும் காவியாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. அதை முன்கூட்டித் தெரிந்தவர்களுக்கு ஆலோசனை கேட்க நேரம் இருக்கும்.

முயற்சி நடக்கும் மாதங்களில் வீட்டு வேலையை முழுதாக நிறுத்தவும் தேவையில்லை. சுழற்சியின் நீளத்தில் இருந்து 14 ஐக் கழித்தால் முட்டை வெளிவரும் நாள் ஏறக்குறையக் கிடைக்கும். 28 நாள் சுழற்சியில் அது 14 ஆம் நாள், 32 நாள் என்றால் 18 ஆம் நாள். விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே முட்டை வரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும்தான் கணக்கு. கலண்டரோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்கள் இரண்டு நாளுக்கொரு முறை சேர்ந்தாலே போதும். முட்டை வந்த நாளில் இருந்து அடுத்த மாதவிடாய் வரையான இரண்டு வாரமும் கர்ப்பம் என்றே நினைத்து நடந்துகொள்ள வேண்டும். வாணிஷ், எனாமல், சுவர் உரசல் போன்றவற்றை மாதவிடாய் வந்த முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் அந்த வீட்டில் பெண் படுக்காமல் இருப்பது நல்லது.

ஆணின் கணக்கு வேறு. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் எடுக்கும். இன்று வெல்டிங் சூட்டில் நிற்பதும், தின்னரில் கை கழுவுவதும், வயலில் முகமூடி இல்லாமல் மருந்து அடிப்பதும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவரும். டெங்கு, எலிக்காய்ச்சல் போன்ற கடும் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். கூலியை மிச்சம் பிடிக்கப் புருசன் தானே பெயின்ற் அடிப்பது என்றால் முயற்சிக்கு மூன்று மாதம் முன்பே அடித்து முடிக்கட்டும். வேலை உடுப்பைத் தனியாகக் கழுவ வேண்டும், உதறக் கூடாது. அஸ்பெஸ்ரஸ் சீற் வெட்டிய தூசியும் ஈயத் தூசியும் உடுப்போடுதான் வீட்டுக்குள் வருகின்றன.

பழைய பொருளைத் திரும்பப் பாவிப்பது இருபக்கமும் வெட்டும் கத்தி. உடைத்த வீட்டின் நிலை, கதவு, யன்னல் வாங்கினால் காடும் மிஞ்சும், காசும் மிஞ்சும். பழைய முதிரைக் கதவுக்கு ஈடாகப் புதிதில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் பல வருடத்து எனாமல் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். ஈயம் தாயின் எலும்பில் தங்கி, கர்ப்பத்தில் இரத்தத்துக்கு வந்து, பிள்ளைக்கும் போகும். அப்படிப்பட்ட கதவைக் காய்ந்த நிலையில் உரசக் கூடாது, சூடு காட்டி எரித்துச் சுரண்டவும் கூடாது. வளவுக்கு வெளியே வைத்து, தண்ணீர் தெளித்து ஈரத் தாளால் உரசி, கீழே விரித்த பொலித்தீனோடு கழிவைச் சுருட்டிக் கட்ட வேண்டும். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் கழற்றும்போதும் நனைத்துவிட்டு, ஆணியைக் கழற்றி, உடைக்காமல் இறக்க வேண்டும். கிரைண்டர் வைத்து வெட்டுகிற மேசனை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கைமரத்துக்குக் கழிவு எண்ணெய் பூசும் பழக்கமும் வேண்டாம். வைரம் ஏறிய பனங்கைமரத்துக்கு அது தேவையும் இல்லை. போறாக்ஸ், போறிக் அமிலக் கரைசல் பாதுகாப்பானது என்று சொல்லி விற்பார்கள். அதுவும் இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யக்கூடிய பொருள்தான். கையுறை போட்டு, மரம் கூரைக்கு ஏறும் முன் வெளியில் வைத்துப் பூசி, காய விட வேண்டும்.

இனித் தண்ணீர். முயற்சி தொடங்கும் முன் கட்டாயம் முடிக்க வேண்டிய வேலை எது என்று ஒன்றைத்தான் சொல்லச் சொன்னால், கிணறும் மலசலகூடக் குழியும் என்போம். கூரை ஒழுகினால் வாளி வைக்கலாம். கிணறு கெட்டால் பிள்ளைக்கு மூன்று வயதாகும் வரை அதன் பின்னால் ஓட வேண்டும்.

கல்லடியில் இருந்து காரைதீவு வரை, கடலுக்கும் வாவிக்கும் அல்லது வயலுக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டில் நிலத்தடி நீர் ஆழமில்லை. மணல் தண்ணீரை வேகமாக விடும், வடிகட்டுவது குறைவு. குழியில் இருந்து கசிவதும், தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றுக்குள் இறங்கும். குடிநீரில் அதன் மேல் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளையின் இரத்தம் ஒட்சிசன் காவும் திறனை இழந்து, உதடும் நகமும் நீலம் பாயலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆகவே கிணற்றுத் தண்ணீரை முயற்சிக்கு முன்பே தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்து நைத்திரேற், மலக் கலப்பைக் காட்டும் கோலிபோம் கிருமி இரண்டையும் பாருங்கள். கடலோரம் என்றால் உப்பையும், கடலை விட்டு உள்ளே தள்ளிய பக்கம் என்றால் புளோரைட்டையும் சேருங்கள். மாரி தொடங்கி முதல் பெருமழைகளுக்குப் பின் ஒரு முறை, கோடையில் ஒரு முறை எடுத்தால்தான் உண்மை தெரியும்.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி வேண்டும். 10 பேர்ச்சஸ் சதுர வளவு என்றால் பக்கம் ஏறக்குறைய 52 அடி. நேர்ப்பக்கத்தில் வைத்தால் இடம் போதாது. மூலைக்கு மூலை வைத்து, இரண்டையும் எல்லையில் இருந்து 5 அடி உள்ளே தள்ளினால் 59 அடி கிடைக்கும். கிணற்றின் அகலமும் குழியின் அகலமும் போக 50 தேறும். இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் விடுபவர்கள்தான் அதிகம். பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்குக் கிட்ட வரலாம். வரைபடத்தைப் பிரதேச சபைக்குக் கொடுக்கும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பீ.எச்.ஐ.) கூட்டி வந்து நிலத்தில் கயிறு பிடித்துக் காட்டுங்கள்.

குழியின் அடி, மாரியில் தண்ணீர் ஏறும் உச்ச மட்டத்தில் இருந்து 4 அடியாவது மேலே இருக்க வேண்டும். ஆவணியில் கிண்டினால் எல்லாக் குழியும் நல்ல குழியாகவே தெரியும். மார்கழியில் தண்ணீர் எங்கே நின்றது என்று கிணற்றுச் சுவரில் இருக்கும் பாசிக் கோட்டைப் பார்த்து அளவெடுங்கள். 4 அடி கிடைக்காத வளவுகளில் கொங்கிறீற் வளையக் குழி வேலைக்கு ஆகாது. கசியாத இரட்டை அறைத் தொட்டி கட்டி, அதிலிருந்து வரும் நீரை நிலமட்டத்துக்கு மேலே மணலும் சல்லியும் மண்ணும் கொட்டி எழுப்பிய மேட்டுப் படுக்கைக்குள் விட்டு, மேலே வாழையும் கல்வாழையும் வைக்கலாம். ஐந்து பேருக்கு உள்ளளவு 7 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி நீர் ஆழம் இருந்தால் 2,300 லீற்றருக்கு மேல் கொள்ளும். நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் அறைக்குப் போக வேண்டும். பூச்சு முடிந்ததும் தண்ணீர் நிரப்பிக் கரியால் கோடு போட்டு ஒரு நாள் விடுங்கள். மட்டம் இறங்கினால் கசிவு. பிறகு அந்தத் தண்ணீரை இறைத்துவிட வேண்டாம். மாரியில் வெறுந்தொட்டியை நிலத்தடி நீர் அப்படியே மேலே தூக்கி, குழாய் மூட்டை உடைத்துவிடும். காற்றுக் குழாயின் வாயில் நுளம்பு வலை கட்டுவதை மறக்கக் கூடாது.

குடிக்க மழைநீர் வைக்கலாம். 50 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 125 மில்லிமீற்றர் மழை விழுந்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 5,000 லீற்றர் தொட்டி நிரம்பிவிடும். கார்த்திகை மாரி ஒன்றே அதற்குக் காணும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளொன்றுக்கு 25 லீற்றர் என்று வைத்தால் 200 நாள் ஓடும். முதல் மழையில் கூரை கழுவிய நீர் தொட்டிக்குள் போகக் கூடாது. இறங்கு குழாயோடு 4 அங்குலக் குழாய் 10 அடி நீளத்தைக் கீழே மூடி போட்டுத் தொங்கவிட்டால் 24 லீற்றர் அழுக்கு நீர் அதில் தங்கிவிடும். மழை விட்டதும் மூடியைத் திறந்து விட வேண்டும். திறக்க மறந்தால் அடுத்த மழையின் அழுக்கு முழுதும் தொட்டிக்குள்தான். இந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

கட்டுமானம் நடக்கும் வளவே நுளம்புப் பண்ணையாகிவிடும். கல் நனைக்கும் பீப்பாய், கொங்கிறீற் தட்டில் தேக்கிய நீர், வெறும் பெயின்ற் வாளி எல்லாம் டெங்கு நுளம்புக்கு வீடு. முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். மணல் கும்பியைத் தறப்பாள் போட்டு மூடுங்கள். ஊர்ப் பூனைகளுக்கு அதுதான் கக்கூஸ். பூனை மலத்தில் வரும் ரொக்சோபிளாஸ்மா முதல் தடவையாகக் கர்ப்பத்தில் தொற்றினால் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் தாக்கக்கூடும். மண் பிடிக்கும் வேலைக்குக் கையுறை கட்டாயம்.

கூரையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊரில் உண்டு, வடக்குப் பக்கம் எப்போதும் குளிர்ச்சி என்று. மட்டக்களப்பில் சித்திரைப் புதுவருடத்துக்குக் கொஞ்சம் முன்பிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை உச்சிச் சூரியன் வடக்கில்தான் நிற்கும். ஆகவே வடக்கும் தெற்கும் இரண்டு பக்கமும் 3 அடி தாழ்வாரம் வேண்டும். அது மார்கழி உச்சியில் தென்சுவரில் ஏறக்குறைய 5 அடிக்கும், ஆனியில் வடசுவரில் 10 அடிக்கும் நிழல் தரும். மேற்குச் சுவருக்குத் தாழ்வாரம் உதவாது, வெயில் சரிந்து வரும். அந்தப் பக்கத்தில் குளியலறை, சாமான் அறை, மரம் என்று வையுங்கள். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில் அந்தச் சுவர் இரவிலும் சூட்டைக் கக்கும், படுக்கை அறையை அங்கே வைத்தால் மின்விசிறி நெருப்புக் காற்றைத்தான் சுற்றும். யன்னலின் அடிமட்டம் 2 அடியில் இருந்தால்தான் படுத்திருப்பவர் மேல் காற்றுப் படும்.

தாழ்வாரம் நீளக் காற்று அதைத் தூக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். நான்கு பக்கமும் சரியும் கூரை, கைமரம் ஒவ்வொன்றையும் சுவர் உச்சியைச் சுற்றி ஓடும் கொங்கிறீற் றிங் பீமோடு பிணைக்கும் இரும்புப் பட்டி, இவை இரண்டிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையின் தொடர்ச்சியாக இல்லாமல் தனியாக அடியுங்கள். பிய்ந்தால் அது மட்டும் போகும். கொங்கிறீற்றுக்குக் கடல் மணலோ உவர்க் கிணற்று நீரோ பாவித்தால் உள்ளே கம்பி துருவேறி வீங்கி பீமை வெடிக்க வைக்கும்.

குசினியில் விறகு என்றால் இரண்டு பானை வைக்கும் அனகி எனும் களிமண் அடுப்பும், முகட்டைவிட 2 அடி உயரும் புகைபோக்கியும். கர்ப்பத்தில் தொடர்ந்து புகை சுவாசித்தால் பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். சூரிய மின்சாரத்துக்கு இப்போது குழாயையும் கூரையில் இடத்தையும் விட்டுவைத்தால் போதும், பலகை பிறகு வரட்டும்.

ஆக, முயற்சிக்கு முன்: கறையான் மருந்து, தொட்டி, கிணறு, கூரை, ஒரு அறை, குசினி, வழுக்காத ரைல்ஸும் பிடிகம்பியும் உள்ள மலசலகூடம். மலசலகூடம் வீட்டோடு ஒட்டி இருக்கட்டும். மாரி இரவில், எட்டாம் மாதத்தில், வளவைத் தாண்டிப் போவது பாம்புக்கும் வழுக்கலுக்கும் இடம் கொடுப்பது. மற்ற அறைகளின் பூச்சு, சீலிங், மதில், கேற் எல்லாம் பிந்தலாம். பிள்ளைக்கென்று தனி அறை கட்டிப் பூப்படம் ஒட்டுவது தேவையில்லாத செலவு. பிள்ளை இரண்டு வருடம் தாயோடுதான் படுக்கும், அதுவரை அந்த வெற்று அறை மாதம் மாதம் ஒரு கேள்வியாக நிற்கும். அந்தக் காசைத் தனிக் கணக்கில் போட்டு, கொங்கிறீற்றுக்கு எடுப்பதில்லை என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கும் வைத்தியத்துக்கும் அது தேவைப்படலாம்.

பத்துத் தம்பதிகளில் எட்டுப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் கருத்தரிக்கிறார்கள். ஆகவே முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் 12 மாதம், அதற்கு மேல் என்றால் 6 மாதம் பார்த்துவிட்டு வைத்தியரிடம் போகலாம். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்கள் காத்திருக்க வேண்டாம். போகும்போது இருவரும் போக வேண்டும். பெண்ணைக் கோயில் கோயிலாகக் கூட்டித் திரிந்து, வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்த பிறகு கடைசியில் ஆணின் விந்தைச் சோதிக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. பிள்ளை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரில் ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. அந்தச் சோதனைதான் எல்லாவற்றிலும் சுலபம். 2 முதல் 7 நாள் விலகியிருந்து மாதிரி கொடுக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள், உடம்புச் சூட்டில், ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து பஸ்ஸில் கொண்டுபோனால் அது நடக்காது, ஆய்வுகூடத்திலேயே எடுக்கக் கேளுங்கள். ஒரு முடிவு குறைவாக வந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி செய்யாமல் எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

தொடக்கத்தில் கலைந்துபோனால் "அந்த வாளியத் தூக்கினதாலதான்" என்று யாராவது சொல்வார்கள். முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்கு நிறமூர்த்த (குரோமோசோம்) கோளாறே காரணம். வாளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாமியாருக்கு இதைச் சொல்ல வேண்டியவர் மருமகள் இல்லை, மகன்.

கர்ப்பம் உறுதியானதும் கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 7 நாளைக் கூட்டி, 3 மாதம் பின்னே போங்கள், அங்கிருந்து ஒரு வருடம் கூட்டினால் அதுதான் எதிர்பார்க்கும் நாள். பங்குனி மாசியில் தங்கிய பிள்ளை கார்த்திகை மார்கழி வெள்ளத்துக்குள் வரும். 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டிலும் ஊர்கள் துண்டிக்கப்பட்டன. வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கம் போல ஆறும் வாவியும் தாண்ட வேண்டிய ஊர் என்றால் 37 ஆம் வாரத்திலேயே பட்டணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வீடு, போகும் பாதை, கூப்பிடும் வாகனம் மூன்றையும் மிட்வைஃபிடம் சொல்லி வையுங்கள். கர்ப்பிணி அட்டை, இரத்த வகை எழுதிய தாள், குளிசை எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் உயரத்தில் மாட்டுங்கள். பிரசவம் முடிந்து திரும்பும்போது கிணறு வெள்ளத்தில் மூழ்கியிருந்தால், இறைத்துக் குளோரின் போட்டு, மறுபடி சோதித்து வரும் வரை தாய்க்கு மழைநீர்த் தொட்டிதான்.